பிறப்பிடம் குமாசி

அன்புள்ள அக்கா,

அபெனாவின்ர மரண அறிவித்தலிலை உங்கட பேரையும் போடச் சொல்லிக் கேட்டிருந்தியள். எங்கட கலியாணத்துக்கு வராத நீங்கள் அவளை மச்சாள் எண்டு எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன்.

ஆனா, "பிறப்பிடம் வேண்டாம், லண்டன் எண்டு மட்டும் போடு, சனம் கதைக்கும்" எண்டும் எழுதியிருக்கிறியள். அது ஏலாது அக்கா.

முதல் முதல் கவுன்சிலிலை அவள் வாடகை வீடுகளைப் பற்றிக் கதைக்கேக்க, எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர், "பிறந்த இடத்துக்குப் போய்க் கத்து பெட்டை" எண்டார். அந்தச் சபைக்கு மைக் பூட்டுறது என்ர வேலை, நான் சவுண்ட் மேசையிலை இருந்தன். அவள் சிரிச்சாள்.

"பிறந்தது கானா, குமாசி. வாக்குப் போட்டு இங்க அனுப்பினது ஃபாரஸ்ட் கேட் சனம். நான் கத்தேல்லை ஐயா. மைக் பூட்டினது என்ர மனிசன், அது நல்லா வேலை செய்யுது."

சபையே சிரிச்சது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு பேச்சையும் "நான் பிறந்தது குமாசி" எண்டுதான் தொடங்கினவள்.

எனக்கு இன்னும் அழுகை வரேல்லை. நாளைக்கு அந்தச் சபையிலை அவளுக்கு அஞ்சலிக் கூட்டம். எல்லா மைக்கையும் சோதிச்சுப்போட்டன். அவளின்ர மைக்கை மட்டும் அவளின்ர உயரத்திலையே விட்டிருக்கிறன்.

அறிவித்தல் இப்பிடித்தான் வரும்: "கானா குமாசியைப் பிறப்பிடமாகவும், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டை வதிவிடமாகவும் கொண்ட கவுன்சிலர்..." அதுக்குக் கீழை மைத்துனி எண்டு நிக்க ஏலுமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. உங்கட பேருக்கு இடம் விட்டிருக்கிறன்.

உங்கட தம்பி,
மைக் பூட்டினவன்