ராஜாவுக்கு இடது வலது கிடையாது

பையனுக்கு வாங்கிய பள்ளிக்கூட ஷூ பெட்டியைத் திறந்தேன். புதுத்தோலும் பசையும் கலந்த வாசனை குப்பென்று ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. செத்துப்போன சிநேகிதியை நினைத்தால் கண் கலங்க வேண்டுமாம். எனக்கு வயிறுதான் எரிகிறது.

ஆம்பூரிலிருந்து வேலூர் கல்லூரிக்கு ரயிலில் ஒன்றாகப் போவோம். மடியில் துப்பட்டாவை விரித்துச் சீட்டு ஆடுவோம். "இன்னாடி, எனக்கு ஒரு ஜோடி கூட வர மாட்டேங்குது, பேஜாரா இருக்கு" என்று சிணுங்குவாய். கையில் சேரும் ஐந்து சீட்டு, அந்தக் 'கை', எத்தனை விதமாக அமையும் என்று நான் எண்ணிக் காட்டுவேன். நீ ஜன்னலைப் பார்த்துக் கொட்டாவி விடுவாய்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. ஐந்து சீட்டில் ஒரே ஒரு ஜோடி அமையும் கைகள் எத்தனை? ஜோடி ராஜா என்றால், நாலு ராஜாவில் இரண்டை எடுக்க ஆறு வழிதான் உண்டு. கணக்கின் அந்தப் படியில் நான் பன்னிரண்டு என்று போட்டுவிட்டேன். பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்த நீயும் பன்னிரண்டு போட்டாய். இரண்டு தாளிலும் ஒரே தப்பைப் பார்த்த கணக்கு மேடம் இருவரையும் கூப்பிட்டார். "யாரு யாரைப் பாத்து எழுதினீங்க?"

"இவதான் மேடம். கெஞ்சினா. பாவமேன்னு காட்டினேன்" என்றாய்.

பாவமாம்! தோல் மண்டிக்காரர் மகள் பொய் சொல்வாளா? மேடம் நம்பிவிட்டார். ஏன் பன்னிரண்டு போட்டேன் என்று அன்று எனக்கே தெரியவில்லை. ஒரு வருஷம் என்னைப் பரீட்சை எழுத விடவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, தான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கே என்னையும் இழுத்துப் போனாள்.

அங்கே பேக்கிங் மேஜையில் அம்மா அதட்டினாள். "ஜோடின்னா சும்மா ரெண்டு இல்லடி. இது லெஃப்ட்டு, இது ரைட்டு. மாத்திட்டா வேற."

சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அன்றுதான் உறைத்தது. ராஜாவுக்கும் இடது வலது பார்த்திருக்கிறேன்! ஆர்ட்டின் ராஜா இடது, இஸ்பேட் ராஜா வலது என்று ஒரு தடவை, மாற்றி வைத்து இன்னொரு தடவை. ஆறு இப்படித்தான் பன்னிரண்டாகியிருக்கிறது. அது எங்கள் வீட்டுத் தப்பு. ஸ்டேஷனுக்குக் காரில் வந்து இறங்கிய உனக்கு அது எப்படியடி வரும்?

நேரில் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கல்யாணம், பிள்ளை என்று தள்ளிப்போனது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதிலும் முந்திக்கொண்டாய், பார்!

ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் உனக்கு நினைவுக் கூட்டம். "நீங்க அவங்க தோஸ்த்தாச்சே, ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மேடமும் வருகிறாராம். பேசாமல் விடுவேனா?

ரயிலில் ஆடிய சீட்டுக்கட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ராஜா இரண்டை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். மாலை போட்ட உன் படத்தின் முன்னால் அவற்றை வைத்து, "அன்னிக்கு நீங்க கேக்காம விட்டது மேடம், ஏன் பன்னெண்டு?" என்பேன். முதலில் உன் படத்திடம் கேட்கும்படி மேடத்திடம் சொல்வேன். உயிரோடு இருந்தாலும் உனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அப்புறம் நான் சொல்வேன்.