கறுப்பியிடம் சொல்லி அனுப்பியது

என் உயிர்த் தம்பி குணத்துக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் என்று உனக்குத் தெரியும். பேத்தி தர்சி எழுத்தைத் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இது உனக்குச் சொல்ல வேண்டிய கதை, மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் சப்பாத்தைக் கொடுத்துவிட்டேன். அலுமாரியின் அடித்தட்டில் துணி சுற்றி வைத்திருந்தேனே, நீ மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற அந்தக் கறுப்புச் சப்பாத்து. ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உன் படத்துக்கு முன்னால் சொன்னவளும் நான்தான். கொடுத்தது யாருக்குத் தெரியுமா? பூமணியின் பேத்தி யசோவுக்கு.

ஓம், அதே பூமணிதான். நீ எங்கள் ஊர் கப்பல்துறைப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அந்த றக்பி லீக் ஆட்டத்தைப் பழக்கத் தொடங்கிய வருடம், குழாயடியில் சிவப்பு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பொம்பிளைப் பிள்ளையளை மண்ணில போட்டு உருட்டுறான், வேலைவெட்டி இல்லாதவன்" என்றாளே, அவள்தான். ஒன்பது பேர் நின்று கேட்டார்கள். ஒன்பது பேருடைய பெயரும் எனக்கு இன்னும் ஞாபகம். மறுநாளே யசோவை மைதானத்துக்குப் போகவிடாமல் மறித்துவிட்டாள். உன் பிள்ளைகளில் எல்லாரையும் விட வேகமாக ஓடுகிறவள் அவள். நீ அதற்கும் சிரித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாய். அன்றோடு பூமணியுடன் கதையை நிறுத்தியது நான்தான்.

இந்த முறை மாவட்டக் கிண்ணத்துக்கு உன் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். தோற்றால் அன்றைக்கே வீடு, இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. முதல் ஆட்டம் வென்றோம். அடுத்ததும் வென்றோம், ஆனால் அதில் ஒரு பிள்ளைக்குத் தோளெலும்பு முறிந்தது. மிஞ்சியது பன்னிரண்டு பேர். பதின்மூன்று பேர் இல்லாவிட்டால் அரையிறுதியில் இறங்க விடமாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அணியில் ஆடுகிற தர்சி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெயிலிலும் மழையிலும் நீ பழக்கியதெல்லாம், ஒரு ஆள் குறைந்ததற்காக ஆடாமலே தோற்பதா?

பூமணியின் படலைக்குப் போனேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு கதைக்க என் வாய் வரவில்லை. படலையடியில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னேன்.

"கறுப்பி, உன்ர வீட்டுக்காரியிட்டச் சொல்லு. யசோ வராட்டி பிள்ளையள் ஆடாமலே தோக்குங்கள் எண்டு."

பூமணி விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "கறுப்பி, வந்தவவிட்டக் கேள். நாலு வருசமா இந்தப் படலை கண்ணில படேல்லையாமோ?"

"பட்டது. காறித் துப்பிப்போட்டுப் போனனான் எண்டு சொல்லு."

"அவன் வாங்கிக் குடுத்த சப்பாத்து இப்ப பிள்ளைக்குக் காணாது, காலை இறுக்குது எண்டு சொல்லு, கறுப்பி. முந்தநாள்தான் போட்டுப் பாத்தது."

தம்பி, முந்தநாள்! நான் போவதற்கு முன்னமே போட்டுப் பார்த்திருக்கிறாள். கறுப்பியின் தலையைத் தடவிவிட்டு நேரே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். கொடுக்கட்டுமா என்று உன்னைக் கேட்டேன். படத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாய். நீ எப்போதும் அப்படித்தான். உன்னுடையது சின்னக் கால்தானே. முன்பக்கத்தில் கொஞ்சம் பழைய சேலைத்துணி அடைத்துத் தர்சியிடம் கொடுத்து அனுப்பினேன், யசோவுக்குச் சரியாக இருந்தது.

அரையிறுதியில் அந்தச் சப்பாத்தோடுதான் ஓடினாள். இரண்டு தரம் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை வைத்துப் புள்ளி எடுத்தாள். பூமணியும் பஸ் பிடித்து வந்திருந்தாள். எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தாள். நடுவர் ஒரு தரம் பிழையாக விசில் ஊத, நாங்கள் இருவரும் ஒன்றாக எழும்பி, "கண் தெரியேல்லையோ ஐயா!" என்று கத்திவிட்டோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அந்த ஆட்டம் வென்றோம். இறுதி ஆட்டத்தில் தோற்றுப் போனோம். நாலே நாலு புள்ளி வித்தியாசம். கடைசி நிமிடத்தில் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது யசோவை வெளியே இழுத்து விழுத்தினார்கள். இழுத்தவளின் முதுகில் ஏழாம் இலக்கம். மறக்கமாட்டேன்.

மறுநாள் விடிய பூமணி என் படலைக்கு வந்தாள். சப்பாத்தைக் கழுவி, கயிற்றை முடிந்து கையில் தூக்கி வந்திருந்தாள். என் நாயிடம் சொன்னாள், "மணி, சாமானை உன்ர வீட்டுக்காரியிட்டக் குடு. ஆட்டம் முடிஞ்சுது."

"முடியேல்லை எண்டு சொல்லு, மணி. வாற வருசமும் கிண்ணம் இருக்கு. சப்பாத்து யசோவோடயே நிக்கட்டும். நாளைக்கு விடிய அஞ்சரைக்கு மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லு."

பூமணி சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

குழாயடியில் சொன்னதற்கு அவள் இன்னும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் வந்து கேட்கும்வரை எங்கள் கதை ஆட்டோடும் நாயோடும்தான். ஆனால் தினமும் விடிய பதின்மூன்று பிள்ளைகளையும் எழுப்பி மைதானத்தில் விடுவது என் பொறுப்பு. உன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். வருகிற வருடம் அந்த இடத்தில் கிண்ணம் இருக்கும்.

உன்னையும் மறக்காத, உன்னைப் பழி சொன்னவளையும் மறக்காத,
உன் அக்கா
நாகம்மா