தண்ணீர்த் தொட்டி இல்லாத கடல்

மார்ச் 3
குழாயில் தண்ணீர் வருமா என்று நான் வாளியோடு நிற்கும் நேரம் பார்த்துத் தங்கை அனுப்பும் கடல் படம் போனில் வந்து குதிக்கிறது. "குட் மார்னிங் அக்கா." இரண்டு வருஷமாக இதே கதை. ஒரே தபால் துறை, ஒரே கவுன்ட்டர் வேலை. அவளுக்கு மட்டும் கடலோர ஊர், எனக்குப் பதினொரு வருஷமாக இந்தப் பெருநகரம். வயிறு எரிகிறது. எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன். ஆறவில்லை.

மார்ச் 4
நானும் சும்மா விடவில்லை. நாடக அரங்கின் வாசலில் இறங்கி, விளக்குப் போட்ட படிக்கட்டைப் படமெடுத்து அனுப்பினேன். உள்ளே போகவில்லை. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தேன். "கொடுத்து வச்சவ நீ" என்று பதில் போட்டாள். ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 11
அந்த ஊருக்கே பரஸ்பர மாறுதல் கேட்டு மனு போட்டுவிட்டேன். அங்கிருந்து இங்கே வர யாராவது கேட்டால் இடம் மாற்றிக்கொள்ளலாம். தங்கையிடம் மூச்சு விடவில்லை. அவள் வீட்டைவிடக் கடலுக்கு இரண்டு தெரு கிட்டே வீடு பிடித்துவிட்டுத்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். "மெஷின் போட ஒரு ஜன்னல் இருந்தா எனக்கு எந்த ஊரும் சரி" என்றார்.

ஏப்ரல் 2
ஆள் கிடைத்துவிட்டது! அதிகாரி தாளை நீட்டினார். இங்கே வர விரும்புபவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் — என் தங்கை.

சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ மட்டும் சொன்னியா? அந்தப் படிக்கட்டப் பாத்துப் பாத்து வெந்து போயிட்டேன் அக்கா."



ஏப்ரல் 5
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வேலையோடு வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள் தங்கை. திடீரென்று இந்த வீடு அழகாகிவிட்டது. பால்கனியில் சாயங்கால வெயில் இப்படி விழுமா? இத்தனை நாள் எங்கே பார்த்தேன்? இங்கே அவள் நிற்பாள், காபி டம்ளரும் கையுமாக. நினைத்தாலே பொறுக்கவில்லை.

"வேணாம் வேணாம்னு சொன்ன வீடு, அவ கேட்டதும் வேணுமா?" என்றார் இவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. உண்மைதான். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

ஏப்ரல் 8
நான் மாட்டேன் என்றால் அவளுக்கும் கிடைக்காது. காலையிலிருந்து இந்த நினைப்பு இனித்தது. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 9
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மே 20
வீட்டையும் சேர்த்தே மாற்றிக்கொண்டோம். நேற்று சாமான் இறங்கியது. எல்லா ஜன்னலையும் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்றில் எதிர்வீட்டுச் சுவர், மற்றதிலெல்லாம் ஐஸ் கிடங்கு. இவர் தன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் கடலைக் காணோம்.

மொட்டை மாடிக்குப் போனேன். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒண்டி நின்றால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது. இரண்டு வருஷம் நான் வயிறெரிந்தது இந்த உள்ளங்கைக்கா? அடிப்பாவி!

மே 27
தங்கையிடமிருந்து படம். நாடக அரங்கு. படிக்கட்டு இல்லை — உள்ளே, மூன்றாவது வரிசையிலிருந்து, சிவப்புத் திரை. பதினொரு வருஷம் நான் வாசலோடு நின்றேன். இவள் ஒரே வாரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். என் காதில் புகை.

விடுவேனா? மாடிக்கு ஓடி, கடலைப் படமெடுத்தேன். பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு தொட்டி நின்றது. தொட்டியை வெட்டப் போனேன். அவளும் தினமும் இப்படித்தானே உட்கார்ந்து வெட்டியிருப்பாள்? வெட்டாமல் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "தொட்டி வழியுது பாரு. வால்வ இடது பக்கம் திருப்புக்கா. வலது பக்கம் திருப்பினா கையோட வந்துடும்."

இடது பக்கம் திருப்பினேன். நின்றது.