கழுத்து திரும்பிய சேதி

என் பிரியத்துக்குரிய அண்ணே,

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். ஆமத்தூர் மாமா பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். சேதி இம்புட்டுத்தான். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ போன பிறகு எனக்கும் உனக்கிருந்த அந்தச் சீக்கு வந்தது. காலையில் எழுந்தால் முதுகு பலகை மாதிரி. நடமாடினால் கொஞ்சம் இளகும், உட்கார்ந்தால் மறுபடி இறுகும். "ஒங்க அண்ணன் மாதிரியே நடக்கீக" என்று சொல்லி, என் வீட்டுக்காரி செல்லத்தாய் மதுரைக்கு இழுத்துப் போனாள்.

"உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பை எதிரின்னு நினைச்சு அடிக்குது" என்றார் டாக்டர். "எங்க சொந்தக்காரங்க மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செல்லத்தாய்தான் சிரித்தாள்.

உனக்கு வலி மாத்திரையைத் தவிர என்ன கொடுத்தார்கள்? எலும்போடு எலும்பு ஒட்டி, கழுத்து நட்ட கம்பமாக நின்றுவிட்டது. இப்போது ஊசி வந்திருக்கிறது அண்ணே. வீக்கத்தைக் கிளப்பிவிடுகிற புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து மடக்குமாம். ஒட்டின எலும்பை அது பிரிக்காது. எனக்கு ஒட்டுவதற்குள் சீக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊசி ஃபிரிட்ஜில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. தொடையில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

"நாரணாபுரம் பட்டாசு ஆலையில நாளெல்லாம் வெடிக்கு நடுவுல வேல பாக்கீக, இத்தினூண்டு ஊசிக்குக் கண்ண மூடுறீக!" என்கிறாள் செல்லத்தாய்.

கல்யாணச் சேதிக்கு வருகிறேன். நான் சட்டென்று திரும்பியதும் மாமா காப்பியைச் சிந்திவிட்டார்.

"ஏலே, நீயும் திரும்பாமப் போயிருவன்னுல்ல நெனச்சேன்! எம் மக கல்யாணத்துல ஒங்கண்ணன் நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போனான். கால்லயும் விழல. அன்னைக்கு விட்டதுதான் ஒங்க வீட்டுப் பக்கம் வாரத!"

"மாமா, அண்ணனுக்குக் கழுத்து திரும்பாது. குனியவும் வராது. அது சீக்கு."

"அப்ப கர்வமில்லையா?"

"கொஞ்சம் இருந்துச்சு. ஆனா கழுத்துல இல்ல."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "இத்தன வருசமும் ஒரு சீக்கோடயாலே சண்ட போட்டேன்? அவன் எழவுக்குக்கூட வரலையே." தோள் குலுங்கியது. துண்டை எடுத்தபோது பார்த்தால் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

நீ ஏன்ணே யாரிடமும் சொல்லவே இல்லை? சீக்காளி என்ற பேரைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பேர் மேல் என்று நினைத்தாயா?

தை மாதம் உன் மகள் கல்யாணம். மாமாதான் தாலி எடுத்துக் கொடுக்கப் போகிறார். இது ரத்தத்தில் தொடர்கிற சீக்காம்; உன் பிள்ளைக்கு என்றைக்காவது முதுகு வலி என்றால் அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போவேன், இது சத்தியம். மண்டபத்தில் எல்லோரும் பார்க்க, மாமா காலில் ரெண்டு தடவை விழுவேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. இதற்கு உன்னைக் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
இன்னும் வளைய முடிகிற
உன் தம்பி முருகேசன்