குட்டிநாய் முன் சிலையாக நின்றவள்

காலையில் மகள் ஒரு குட்டிநாயைத் தூக்கி வந்து என் மடியில் விட்டாள். பால் வாசனை அடிக்கும் வாய். விரலைக் கொடுத்ததும் ஊசிப் பல்லால் கவ்வியது. வலித்தது, ஆனால் சிரிப்புத்தான் வந்தது. உடனே உன் ஞாபகம்.

எங்கள் முதல் நாய் குட்டியாக வந்தபோது பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள். அது கணுக்காலைக் கவ்வும், இவர்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அதுவோ விளையாட்டென்று நினைத்து இன்னும் துரத்தும். கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஷூ கம்பெனியில் தைக்கிற நமக்குத் தோல் துண்டுக்கா பஞ்சம்? கொடுத்தேன். பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவும் தனக்குத்தான் என்று அது முடிவு கட்டிவிட்டது. மகன் விரலில் ரத்தம் வந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ கடிச்சா நெமிலில என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன்." மகள் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள், கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கிற நீ வந்தாய். கம்பெனியில் ஆண்களே உன் வாய்க்குப் பயப்படுவார்கள். அப்பேர்ப்பட்டவள், குட்டியைப் பார்த்ததும் கையைக் கட்டி, கண்ணை இறுக்க மூடி, வாசலிலேயே சிலையாகிவிட்டாய். அது உன் புடவையை முகர்ந்தது, லேசாக இழுத்துப் பார்த்தது. நீ கத்தவுமில்லை, ஓடவுமில்லை. சலித்துப்போய்த் திரும்பிவிட்டது.

"இன்னாடி, போய்ட்டுதா?" என்றாய், கண்ணைத் திறக்காமலே.

"அம்மா, அத்தைய மட்டும் கடிக்கல!" என்று மகள் குதித்தாள்.

அன்றிலிருந்து பிள்ளைகளும் உன்னைப் போல நிற்கப் பழகினார்கள். குட்டி பாய்ந்தால் கையைக் கட்டு, வாயை மூடு, அசையாதே. அது அடங்கியதும் முறுக்கிய பழைய துணியைக் கடிக்கக் கொடு. ஆனால் அத்தை பக்கத்தில் நின்றால்தான் நிற்பேன் என்று மகன் அடம் பிடித்தான். அதனால் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வருவாய். இரண்டு பக்கமும் பிள்ளைகள், நடுவில் நீ. அந்தக் கையளவு ஜீவன் மூன்று பேரையும் சுற்றிச் சுற்றி வந்து தோற்றுப்போகும். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். மெல்ல மெல்லக் கடி நின்றது. நாய் எங்களோடேயே இருந்து கிழமானது.

பழகப் பழக உனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் உன் கையைப் பிடித்தபோது அது சில்லிட்டிருந்தது.

"இவ்ளோ பயத்த வெச்சினு ஏண்டி தினமும் வர்ற?"

"பயம் போவட்டும்னு உக்காந்துனு இருந்தா, அதுக்குள்ள உன் வீட்டுக்காரரு நாய அனுப்பிடுவாரு. பொண்ணு அழுவாதா?"

நீ இல்லாமல் போன பிறகும் இந்தப் பதில் என்னோடேயே இருக்கிறது. போன வாரம் மகள் ஸ்கூட்டி பழகினாள். நான் பின்னால் உட்கார்ந்தால்தான் ரோட்டில் ஓட்டுவாளாம். எனக்கு வண்டி என்றாலே உதறல். நீ பார்த்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய். ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாலாற்றுப் பாலம் வந்தபோது அவள் தோளை இறுக்கிப் பிடித்தேன்.

"இன்னாம்மா, பயமா இருக்குதா?"

"ஜாஸ்தியாவே இருக்குது. நீ ஓட்டு."