றியாஸின் பெயரில் என் இரத்தம்

12.11.1996, செவ்வாய் இரவு

இன்று விஞ்ஞானப் பாடத்தில் நுளம்பு. அது முதலில் துப்பிவிட்டுத்தான் இரத்தம் குடிக்குமாம். மலேரியாக் கிருமி அந்த எச்சிலோடுதான் உள்ளே போகுமாம். எச்சிலில் உள்ள புரதங்களை எதிர்க்க உடம்பைப் பழக்கினால் அதுவே தடுப்பூசியாகுமா என்று ஆராய்கிறார்களாம்.

"அப்ப நுளம்போட ஒரே சகன் தட்டுல சோறு தின்னேலா சேர்," என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வியாழன் தம்பி றியாஸைக் காய்ச்சலோடு இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போனேன். ஊசியைக் கண்டு அழுதான். அவனை வெளியே நிறுத்திவிட்டு, அவன் பெயரைச் சொல்லி என் விரலை நீட்டினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். மலேரியா இல்லை என்று நேற்றுச் சோதனைத் துண்டு வந்தது.

இப்போது அவன் பாயில் கிடந்து நடுங்குகிறான். மூன்று இரவாக வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

"பயப்பிடாத மனே, மலேரியா இல்லெண்டு எழுதித் தந்திருக்காங்கதானே," என்று உம்மா அவனைத் தேற்றுவது கேட்கிறது.

அந்தத் தடுப்பூசி எப்போது வருமோ தெரியாது. இந்தக் கொப்பியில் எழுதினால் வீட்டில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பார்த்தேன். ஆகவில்லை. வாப்பா இருமுகிறார், விழித்துத்தான் இருக்கிறார். பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன்.