எட்டில் செவ்வாய்

ஜூன் 9, இரவு

காலையில ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கோள்கள் படிப்பிச்சனான். செவ்வாய் குறுக்களவில பூமியின்ர பாதியளவுதான், மண்ணில இரும்புத்துரு கிடக்கிறதால சிவப்பாத் தெரியுது எண்டு சொன்னனான்.

பின்னேரம் ரமணன் டச்பே கடற்கரைக்கு வரச்சொன்னவர். அஞ்சு வருசமாப் பழகினவர், இண்டைக்கு என்ர முகத்தைப் பாக்கேல்லை.

"சாதகம் பொருந்தேல்லையாம். உங்களுக்குச் செவ்வாய் எட்டிலயாம். உங்களைக் கட்டினா எனக்கு ஆயுள் இல்லையெண்டு அம்மா அழுகிறா."

"நீங்கள் நம்புறீங்களோ?"

"அம்மா நம்புறா," எண்டார். பிறகு மணலைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போயிட்டார்.

அவரும் என்னோட வருவாரெண்டு நினைச்சு வீட்டில அம்மா இறால் பொரிச்சு வைச்சிருந்தா. "எப்ப கதைக்க வருகினமாம்?" எண்டு சந்தோசமாக் கேட்டா.

சாப்பிட்டிட்டுச் சொல்லுறன் எண்டனான். சாப்பிட்டனான். சொல்ல ஏலேல்லை.